ரெஸ்ட் எடுங்கப்பா!

போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் அவசரக் கூட்டம் போட்டது. தண்ணீர்ப் பஞ்சமா? இல்லை. லிஃப்ட் நின்று போச்சா? அதுவும் இல்லை. அஜெண்டாவில் இருந்தது ஒரே ஒரு ஐட்டம்: 'கேட் அருகே போடப்பட்டுள்ள பிளாஸ்டிக் நாற்காலி.'

முந்தின நாளே வாட்ஸப் குரூப்பில் புகை கிளம்பிவிட்டது. 'யாரோ ஒரு பெரியவர் தினமும் கேட் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறார். வெளியாட்கள் கூடுகிறார்கள். வளாகத்தின் தோற்றம் கெடுகிறது.' அதற்குக் கீழே வரிசையாகப் பதினோரு கட்டைவிரல்கள்.

அந்த 'யாரோ ஒரு பெரியவர்' என் அப்பா. நாற்காலியும் எங்கள் வீட்டு நாற்காலிதான். உடனே பொங்கி எழுந்து பதில் எழுதினேன் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். குரூப்பை ம்யூட்டில் போட்டுவிட்டு தயிர்சாதம் சாப்பிட்டேன்.

நாற்காலி கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நான் என் அப்பாவை எப்படிக் கெடுத்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு 75 வயது. தபால் இலாகாவில் 1973-ல் சேர்ந்து 2010-ல் ரிட்டயர் ஆனவர். ஊர் மாயவரம். (மயிலாடுதுறை என்று 1982-லேயே மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.) பட்டமங்கலத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், திண்ணை வைத்த ஓட்டு வீடு. காலை ஐந்தரைக்கு எழுந்தால் பால் வாங்கப் போவார். வந்து குளித்து மயூரநாதர் கோயில். திரும்பும்போது காய்கறி. பத்து மணிக்குத் திண்ணை, பேப்பர். பேப்பர் படிக்க அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பேப்பர் பெரிசு என்பதால் இல்லை. தெருவில் போகிற ஒவ்வொருவரும் ஒரு முறை நின்று, 'என்ன சார், டிபன் ஆச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சாயங்காலம் காளியாகுடி ஹோட்டல் வரை நடந்து ஒரு காபி. வீட்டில் அம்மா போடும் காபி அதைவிட நன்றாக இருக்கும். அது வேறு விஷயம். நடப்பதற்குக் காபி ஒரு சாக்கு.

இரண்டு வருஷம் முன்பு அம்மா போய்விட்டாள். 'தனியா எப்படிப்பா இருப்பீங்க?' என்று, காரியம் முடிந்த பத்தாம் நாள் காரில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டேன். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று.

எங்கள் ஃப்ளாட் மேடவாக்கம் தாண்டி. ஏ, பி, சி என்று மூன்று பிளாக், மொத்தம் 96 வீடு. அப்பாவுக்கு மூன்றாவது மாடியில் தனி ரூம், ஏ.சி., தனி டி.வி., வெஸ்டர்ன் டாய்லெட். பாலா? ஆப். காய்கறியா? ஆப், பத்தே நிமிஷம். கரண்ட் பில்லா? படுத்தபடியே கட்டிவிடுவேன். அவர் பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வாசலில் மறித்து நானும் என் மனைவியும் கோரஸாகச் சொல்வோம்: 'நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா! இத்தனை வருஷம் உழைச்சது போதாதா?'

அன்போடுதான் சொன்னோம். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஆபீசில் ஒருத்தருக்குப் பெரிய கேபின் கொடுத்து, அவர் கையில் இருந்த ஃபைல்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, 'நீங்க ரெஸ்ட் எடுங்க சார்' என்று சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று நமக்கெல்லாம் தெரியும். வீட்டில் அதையே செய்தால் பாசம் என்கிறோம்.

மூன்று மாதத்தில் அப்பா தினமும் ஷேவ் செய்வதை விட்டார். நாலு மாதத்தில் பேப்பரை விட்டார். 'படிச்சு யாருகிட்ட சொல்லப் போறேன்?' பகலில் தூங்கினார். ராத்திரி ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று ஒரே காலையில் மூன்று தடவை கேட்டார். நடக்கும்போது கை தானாகச் சுவரைத் தேடியது. என் பெண், எட்டாம் கிளாஸ், 'தாத்தா ஏன்ப்பா ஃபோன் சார்ஜ் இல்லாத மாதிரி இருக்காரு?' என்றாள்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டு, மஞ்சள் பையில் இரண்டு வேட்டியும் அம்மா போட்டோவும் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

'எங்கப்பா கிளம்பிட்டீங்க?'

'மாயவரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குடா?'

'அங்க வேற ஆளுங்க குடியிருக்காங்கப்பா.'

கொஞ்ச நேரம் யோசித்தார். 'திண்ணையில யாரும் இல்லையே?' என்றார்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன்.

டாக்டர் என் வயதுக்காரர். ரத்தம் எடுக்கச் சொன்னார். பி12, தைராய்டு எல்லாம் பார்த்தார். இவை குறைந்தாலும் பெரியவர்களுக்கு மறதியும் சோர்வும் வருமாம். பார்க்காமல் 'வயசாச்சு' என்று முத்திரை குத்தக் கூடாதாம். ரிப்போர்ட் ஓரளவு சுத்தம். பிறகு கேட்டார்:

'அப்பா என்ன பண்றாரு?'

'ரிட்டயர்டு சார்.'

'அது பென்ஷன் ஆபீசுக்கு. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் என்ன பண்றாரு?'

'ரெஸ்ட்...'

'எத்தனை மாசமா?'

அவர் கேட்ட தொனியில், 'எத்தனை மாசமா குடிக்கிறாரு?' என்று கேட்ட மாதிரி இருந்தது.

ரெஸ்ட் அவ்வளவு பெரிய வியாதியா என்று அன்றைக்கு எனக்கும் கோபம்தான். ஆபீசில் வேலை இல்லாத மதியம் ஒன்றில் (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார்) தேடிப் படித்தேன். 2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. சராசரி வயது 67, ஆரோக்கியமான 11 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு. வியாதி எதுவும் இல்லை. பத்து நாள் முடிவில் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. பத்து நாளில் ஒரு கிலோ! நான் என் அப்பாவுக்கு ஏழெட்டு மாதம் ரெஸ்ட் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று லண்டன் கதை. ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்டது. லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் ஒருத்தர், கண்டக்டர் ஒருத்தர். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே டீக்கடை. டிரைவர் நாள் பூரா உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி இறங்கி, ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை மிதிப்பார். மாரடைப்பு யாருக்கு அதிகம்? டிரைவர்களுக்கு. மனிதர் அத்தோடு விடவில்லை. யூனிஃபார்ம் தைத்த கணக்கை வாங்கி இரு தரப்பின் இடுப்பளவையும் ஒப்பிட்டு 1956-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். அங்கேயும் டிரைவர்கள்தான் முன்னணி. மாரிஸ் 2009-ல் தன் 99-வது வயதில் காலமானார். சொன்னபடி நடந்துகொண்டவர் போலிருக்கிறது.

இதைப் படித்ததும் நம் மூளை எப்படி வேலை செய்யும்? ஆபீஸ் மூளை. டார்கெட்! அடி எண்ணும் வாட்ச் ஒன்று வாங்கி அப்பா கையில் கட்டி, 'தினம் பத்தாயிரம்' என்றேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எண்றதுக்கு வாட்ச் வாங்கிட்டே. போறதுக்கு ஒரு இடம் சொல்லு' என்றார்.

சரியான கேள்வி. ஒரு நாள் கூடவே இறங்கிப் பார்த்தேன். கேட்டைத் தாண்டினால் ரோடு. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், மணல் குவியல், நிறுத்தி வைத்த கார்கள். நடுவில் தண்ணீர் லாரி பறக்கிறது. உட்கார ஒரு கல் கிடையாது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. 300 மீட்டர் போவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. நான் அந்த ரோட்டில் எட்டு வருஷமாக பைக்கில் போகிறேன். அது நடக்க முடியாத ரோடு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

(அந்தப் பத்தாயிரம் என்பது வேதவாக்கும் இல்லையாம். 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்பதுதான். விளம்பரம் ஊரெல்லாம் பரவிவிட்டது. 2019-ல் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட மரண அபாயம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் நடந்து கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை. மாயவரத்தில் பால், கோயில், காய்கறி, காபி என்று அப்பா இதைவிட அதிகம் நடந்திருப்பார். ஒரு நாள்கூட அதை வாக்கிங் என்று சொன்னதில்லை.)

மாற்றம் ஆரம்பித்தது என் புத்திசாலித்தனத்தால் இல்லை. ஆப் படுத்துவிட்டது. ஒரு காலையில் பால் வரவில்லை. நான் பாத்ரூமில், மனைவி டிபன் பாக்ஸில், பெண் ஸ்கூல் டையில். 'தாத்தா, ப்ளீஸ்!' என்று ஒரு குரல். அப்பா கிளம்பிவிட்டார். அரை மணி, முக்கால் மணி... ஆள் வரவில்லை. பதறிக்கொண்டு கீழே ஓடினேன்.

கேட்டில், செக்யூரிட்டி ஸ்டூலில், பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே செக்யூரிட்டிப் பையன், ஒடிசாக்காரன், கையில் ஏதோ ஃபாரம். அப்பா தன் தபால் இலாகா ஹிந்தியில் விளாசிக்கொண்டிருந்தார்: 'ஒடிசான்னா 75-ல ஆரம்பிக்கணும்பா பின்கோடு. நீ 57-ன்னு போட்டிருக்கே. லெட்டர் கர்நாடகாவுக்குப் போயிடும்!'

இன்றைக்கு என்ன கிழமை என்று மூன்று தடவை கேட்ட மனுஷன்!

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ம் தேதி. அடுத்த வருஷம் அப்பா வேலைக்குச் சேர்ந்தார். 37 வருஷம் கடிதம் பிரித்த கை. ஆறு என்றால் தமிழ்நாடு, கேரளா. எட்டு என்றால் பீகார் பக்கம். 609001 என்றால் மாயவரம். எல்லாம் பத்திரமாக உள்ளேதான் இருந்திருக்கிறது. மூன்றாவது மாடியில் அதைக் கேட்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ஆப் பாலை நிறுத்தினோம். ஆறரைக்குக் கிளம்புவார். செக்யூரிட்டி ஸ்டூலை எத்தனை நாள் பிடுங்குவது என்று வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். கேட்டுக்கு உள்ளே, ஆனால் ரோடு தெரிகிற மாதிரி. அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்த விதத்தைப் பிறகு யோசித்தேன். திண்ணை என்பது என்ன? வீட்டுக்குள்ளேயும் இல்லை, தெருவிலும் இல்லை. அங்கே உட்கார்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம், வருகிறவர்களே நிற்பார்கள். அலுத்தால் உள்ளே போகலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். நம் தாத்தாக்களுக்கு வயதான காலத்தில் இருந்த கிளப், லைப்ரரி, ஆஸ்பத்திரி எல்லாம் அதுதான். ஃப்ளாட் பிளான் போடும்போது கார் பார்க்கிங்குக்கு இடம் விட்டோம். கிழவர் பார்க்கிங்குக்கு மறந்துவிட்டோம்.

அப்புறம் பார்சல் ஆரம்பித்தது. 96 வீடு, தினமும் நாற்பது ஐம்பது டெலிவரி. பையன்களுக்கு அவசரம், 'பி பிளாக்கா, டி பிளாக்கா சார்?' என்று தடுமாறுவார்கள். டி பிளாக்கே கிடையாது. அப்பா வாங்கிப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, 'இது சி-304. அவங்க ஆபீஸ் போயிருப்பாங்க, இங்க வை' என்பார். ஒரு மாதத்தில் செக்யூரிட்டி ரூமில் பழைய ஷூ ஸ்டாண்டு ஒன்று முளைத்தது. மேல் தட்டு ஏ, நடுத்தட்டு பி, கீழ்த்தட்டு சி. சார்ட்டிங் ஆபீஸ்! தினமும் ஷேவ், சலவை வேட்டி, பாக்கெட்டில் பேனா. 'எட்டரைக்குள்ள டிபன் வேணும்மா, ஆளுங்க வந்துடுவாங்க' என்று என் மனைவியிடம் கண்டிஷன் வேறு.

மாநகரப் பேருந்தில் 60 தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் கொடுப்பதைக்கூட அவர்தான் கண்டுபிடித்தார். 'போக வர அஞ்சு தடவை' என்று கணக்குப் போட்டு, ஒரு நாள் மயிலாப்பூர் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

இந்தச் சமயத்தில்தான் படித்தேன். 1976-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லம். எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல்காரர்கள் ஒரு மாடிக்காரர்களிடம், 'உங்க ரூமை எப்படி வச்சுக்கணும், எந்த நாள் சினிமா பார்க்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இந்தச் செடியில ஒண்ணை எடுத்து நீங்களே வளர்த்துக்குங்க' என்றார்கள். இன்னொரு மாடிக்கும் அதே செடி, அதே சினிமா. ஆனால், 'எல்லாம் நர்ஸ் பார்த்துப்பாங்க, நீங்க கவலைப்படாதீங்க.' ஒன்றரை வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், செடியைத் தானே வளர்த்தவர்களில் 15 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். கவலைப்படாதவர்களில் 30 சதவிகிதம். சின்ன ஆய்வுதான். அதை வைத்து அடித்துப் பேச முடியாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் என் வீட்டு நர்ஸைப் பார்த்ததில்லை. நான்தான் அந்த நர்ஸ்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட ஆசைதான். ஆடி மாதத்தில் பால் வாங்கப் போன அப்பா, லாரிக்கு ஒதுங்கி, பள்ளத்தில் கால் வைத்து விழுந்தார். முட்டியில் நாலு தையல். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் எழுந்துவிட்டாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று டாக்டர் எதிரிலேயே அப்பாவைத் திட்டினேன். டாக்டர் தையலைப் பார்த்தபடியே, 'என்கிட்ட இடுப்பெலும்பு உடைஞ்சு வர்றவங்க நிறைய பேர் வீட்டுக்குள்ள விழுந்தவங்கதான் சார். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி போட்டிருக்கீங்களா?' என்றார். போட்டிருக்கவில்லை. ஏ.சி. போட்டிருந்தேன்.

கட்டுப் பிரித்த அன்றே கீழே இறங்கினார். அதற்கு அடுத்த வாரம்தான் அவசரக் கூட்டம்.

கூட்டத்தில் நான் பேசினேனா? முதல் இருபது நிமிஷம் பேசவில்லை. செகரட்டரி, பாதுகாப்பு என்றார். ஒருவர், ஃப்ளாட் விலை என்றார். இன்னொருவர், 'அவரை வேணும்னா கிளப் ஹவுஸ்ல உட்காரச் சொல்லுங்க' என்றார். கிளப் ஹவுஸுக்கு ஜன்னல் கிடையாது. நான் எழுந்து, 'அவரு என் அப்பா' என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அமைதி. சி-304 அம்மாள் எழுந்து, 'அவரு மட்டும் இல்லேன்னா என் மாத்திரை பார்சல் போன மாசம் வேற யார் வீட்டுக்கோ போயிருக்கும்' என்றார். பி பிளாக்கில் இன்னொரு தாத்தா, ஆறு வருஷமாக அதே அபார்ட்மென்ட்டில் இருக்கிறாராம், நான் பார்த்ததே இல்லை, கையைத் தூக்கி, 'இன்னொரு நாற்காலி போட முடியுமா?' என்று கேட்டார்.

தீர்ப்பு ரெண்டுங்கெட்டான். நாற்காலி இருக்கலாம், ஆனால் ஜெனரேட்டர் ரூம் பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 6 மட்டும். அப்பாவிடம் சொன்னேன். 'ஜெனரேட்டரைப் பார்த்துக்கிட்டு உட்காரவா மாயவரத்திலேருந்து வந்தேன்?' என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார். இன்றைய தேதி வரை நாற்காலி பழைய இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. செகரட்டரி வாரம் ஒரு தடவை குரூப்பில் நினைவூட்டல் போடுகிறார். கட்டைவிரல்கள் பதினொன்றிலிருந்து நாலாகக் குறைந்திருக்கின்றன. குரூப்பை ம்யூட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

நேற்று ஆபீசில் லஞ்ச் முடிந்து, நாலு மணி வாக்கில், வழக்கம்போல அப்பாவுக்கு போன் செய்தேன்.

'சாப்பிட்டீங்களாப்பா?'

'ஆச்சு.'

'வெயில் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் மேல போய் ரெஸ்ட்...'

'டேய், ஆள் நிக்கிறாங்க. அப்புறம் பேசு.'

வைத்துவிட்டார்.